இரவில் சிறிய விமானம்: எந்த அறிகுறிக்கு எது காரணம்

சிறிய தனியார் விமானம் ஒன்று இரவில் விழுந்தால் மறுநாள் எல்லோரும் முதலில் கேட்பது 'இன்ஜின் கோளாறா?' என்பதுதான். விசாரணை அறிக்கை வரும்போது, பல விபத்துகளில் இன்ஜின் கடைசி நொடி வரை நன்றாகவே ஓடியிருக்கும். கோளாறு விமானியின் காதிலோ கண்ணிலோ இருந்திருக்கும். அது கோளாறு என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரவு விபத்துகளைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் உடம்பு செய்யும் ஏமாற்று வேலைகள் முதலில் வருகின்றன, இயந்திரம் பின்னால் வருகிறது.

பயிற்சி விமானிகளையும், சிமுலேட்டரில் பறப்பவர்களையும், விபத்து அறிக்கைகளைப் படித்துப் பார்ப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இந்தியாவில் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு நடக்கும் உள்ளூர்ப் பறத்தல், பயிற்சிப் பறத்தல் தவிர, கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் விதிகளின் கீழ் சூரியன் மறைந்த பிறகு பறக்க முடியாது. அமெரிக்காவில் சாதாரணத் தனியார் உரிமம் இருந்தாலே இரவில் பயணிகளோடு கிளம்பலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். செயற்கை அடிவானத்தைப் (விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று காட்டும் கருவி) பாருங்கள், இறக்கைகளைச் சமமாக்குங்கள், அப்புறம் காரணத்தைத் தேடுங்கள்.

அறிகுறி 1: நேராகப் போவதாக உடம்பு சொல்கிறது, ஆனால் உயரம் குறைகிறது, காற்றின் இரைச்சல் கூடுகிறது

அதிகம் பேரைக் கொல்வது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நம் உள்காதில் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் நிரம்பிய சொம்பைத் தரையில் வைத்துச் சுற்றினால் முதலில் சொம்பு மட்டும் சுற்றும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். காதிலும் அதேதான் நடக்கிறது. ஒரே வேகத்தில் ஒரு திருப்பம் 20 விநாடி போல நீடித்தால் திரவம் குழாயோடு சேர்ந்துவிடும், திரும்பும் உணர்வே போய்விடும். விநாடிக்கு 2 பாகைக்கும் குறைவான மெதுவான திருப்பமாக இருந்தால் ஆரம்பமே தெரியாது.

பகலில் கண் இதைத் திருத்திவிடும். நிலா இல்லாத இரவில், கடலுக்கு மேல், மூடுபனியில், கண்ணுக்குத் திருத்த ஒன்றுமே கிடைக்காது. இறக்கை மெதுவாகச் சாய்கிறது. சாய்ந்ததும் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விட, மூக்கு இறங்குகிறது, வேகம் ஏறுகிறது. விமானிக்கு நேராக இறங்குவதாகவே படுகிறது. அதனால் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அந்த இழுப்பு திருப்பத்தை இன்னும் இறுக்கும், உயரத்தைத் தராது. விமானிகள் கிரேவ்யார்ட் ஸ்பைரல், அதாவது கல்லறைச் சுழல், என்று சொல்வது இதைத்தான்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறத்தல் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது) அனுபவம் இல்லாத 20 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். வெளியே எதுவும் தெரியாத நிலை வந்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. ஒருவரைத் தவிர எல்லோரும் போய்ச் சேர்ந்தது இந்தச் சுழலில்தான்.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம், அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர். 1999 ஜூலை 16 இரவு 8:38க்கு நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுன்ட்டி விமான நிலையத்திலிருந்து தன் பைப்பர் சாராடோகாவில் கிளம்பினார். மனைவியும் மனைவியின் அக்காவும் உடன் இருந்தார்கள். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒருவரை இறக்கிவிட்டு, உறவினர் கல்யாணத்துக்காக ஹையானிஸ் போவது திட்டம். கனெக்டிகட் கரையோரமாக 5,500 அடியில் போகும் வரை கீழே ஊர் விளக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ரோட் ஐலண்டைத் தாண்டியதும் கரையை விட்டுக் கடலுக்கு மேல் போனார். அந்த இடத்தில் விளக்குகள் முடிந்துவிடுகின்றன.

அன்று வானிலை அறிக்கைப்படி சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. ஆனால் அந்த மாலை அதே பகுதியில் பறந்த மற்ற விமானிகள், கடலுக்கு மேல் அடிவானமே தெரியவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். தீவின் விளக்குகள் தெரியாததால் அங்கே மின்சாரம் போய்விட்டதோ என்றுகூட ஒருவர் நினைத்திருக்கிறார். மெல்லிய மூடுபனியின் தந்திரம் இதுதான். செங்குத்தாகக் கீழே பார்த்தால் தெளிவாக இருக்கும், நீட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ராடார் தடம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. தீவுக்கு மேற்கே சுமார் 34 மைல் இருக்கும்போது சீராக இறங்கத் தொடங்குகிறது. 2,500 அடிவாக்கில் ஒரு திருப்பம், கொஞ்சம் ஏற்றம், மறுபடி திருப்பம். அப்புறம் வலப்பக்கச் சாய்வு 45 பாகையைத் தாண்டுகிறது, இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டுகிறது. ராடாரில் கடைசியாகப் பதிவான உயரம் 1,100 அடி, நேரம் 9:40 தாண்டி 34 விநாடி. விமானி பேசியதாக ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. ஏதோ தவறு என்று தெரிந்தால்தானே ரேடியோவை எடுக்கத் தோன்றும்?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2000 ஜூலையில் முடிவைச் சொன்னது: இரவில் நீருக்கு மேல் இறங்கும்போது திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தது, மூடுபனியும் இருண்ட இரவும் துணைக் காரணங்கள். அவருடைய மொத்தப் பறத்தல் சுமார் 310 மணி நேரம், அதில் இரவில் 55. கேட்க மோசமில்லை. ஆனால் இந்த விமானத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல், இரவில் ஓட்டியது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கருவிப் பறத்தல் தகுதிக்கான 25 பாடங்களில் பாதியைத்தான் முடித்திருந்தார். மொத்த மணிக்கணக்கைப் பார்த்து ஒரு விமானியை எடை போடக்கூடாது என்பதற்கு இந்த வழக்கை நான் எப்போதும் காட்டுவேன்.

சரி, அந்த நேரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? உயரம் குறையும்போது வேகமானியைப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே உயரம் குறைந்தால், திருப்பக் கருவியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஸ்பைரல். வேகம் விழுந்துகொண்டே உயரம் குறைந்தால் ஸ்டால் (வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பக்கம் போகிறீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறானது, அதனால் கையை அசைக்கும் முன் இந்த ஒரு பார்வை அவசியம்.

ஸ்பைரல் என்றால் முதலில் த்ராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியை, குறையுங்கள். அடுத்து இறக்கைகளைச் சமமாக்குங்கள். இறக்கை சமமான பிறகுதான் மூக்கைத் தூக்க வேண்டும், அதுவும் மெதுவாக. எல்லை தாண்டிய வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் இறக்கையே முறியும். சமமானதும் 'எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம்' என்று உடம்பு அலறும். காதில் திரவம் இன்னும் சுழன்றுகொண்டிருப்பதால் வரும் அலறல் அது, கண்டுகொள்ள வேண்டாம். தலையைக் குனிந்து வரைபடம் தேடாதீர்கள், கீழே விழுந்த பேனாவை எடுக்காதீர்கள். தலை அசைய அசைய குழப்பம் கூடும். ஆட்டோபைலட் இருந்தால் இப்போது போடுங்கள். புதிய ஆட்டோபைலட்டுகள் சிலவற்றில் விமானத்தை நேராக்குவதற்கென்றே ஒரு நீலப் பொத்தான் உண்டு. கென்னடியின் விமானத்திலும் ஆட்டோபைலட் இருந்தது.

அறிகுறி 2: செயற்கை அடிவானம் ஒன்று சொல்கிறது, மற்ற கருவிகள் வேறு சொல்கின்றன

மேலே சொன்னதெல்லாம் செயற்கை அடிவானம் உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் சொன்னது. அது பொய் சொன்னால்?

பழைய சிறிய விமானங்களில் செயற்கை அடிவானமும் திசைகாட்டும் ஜைரோவும் (வேகமாகச் சுழலும் சக்கரம் உள்ள கருவி) வெற்றிட பம்பில் ஓடுகின்றன, திருப்பக் கருவி மின்சாரத்தில் ஓடுகிறது. வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பம்பு போனாலும் ஜைரோ உடனே நிற்காது. சில நிமிடங்களுக்கு வேகம் குறைந்துகொண்டே வரும், கருவி மெதுவாக ஒரு பக்கம் சாயும். நீங்களும் அதைத் தொடர்ந்தபடி கூடவே சாய்வீர்கள். ஆபத்து அந்த மெதுவில் இருக்கிறது.

உறிஞ்சு அழுத்தம் காட்டும் சிறிய மானி பேனலில் ஓரமாக இருக்கும், பொதுவாக 4.5க்கும் 5.5 அங்குலப் பாதரசத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். முள் கீழே கிடந்தால் பம்பு போய்விட்டது. மானி சரியாக இருந்தும் செயற்கை அடிவானம் மட்டும் சாய்ந்தால் கோளாறு அந்தக் கருவிக்குள். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு துண்டுக் காகிதமோ ஒட்டும் குறிப்புத்தாளோ எடுத்து அந்தக் கருவியின் முகத்தை மூடுங்கள். கெட்டுப்போனது என்று தெரிந்த பிறகும் கண் அங்கேயே போகும். மூடிவிட்டால் திருப்பக் கருவி, வேகமானி, உயரமானி மூன்றை வைத்து ஓட்டலாம். சிறிய திருப்பங்கள் போதும். கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொல்லிவிட்டால் திருப்பத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் அவரே குரல் கொடுப்பார்.

2000 அக்டோபர் 16 இரவு மிசூரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் தேர்தல் பிரசாரத்துக்காகப் போன செஸ்னா 335 மழையிலும் கொந்தளிப்பிலும் சிக்கியது. ஓட்டியவர் அவருடைய மகன், கருவிப் பறத்தல் தகுதி உள்ளவர். தன் பக்கத்துச் செயற்கை அடிவானம் சரியில்லை என்றும், வலப்பக்க இருக்கைக்கு எதிரே இருக்கும் கருவியைப் பார்த்து ஓட்ட முயல்வதாகவும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொன்னார். இருட்டில், குலுக்கலில், கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கருவியைப் பார்த்தபடி ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். உள்காதுக்கு அதைவிடக் குழப்பம் வேண்டாம். ஹில்ஸ்பரோ அருகே விழுந்தது, மூன்று பேரும் இறந்தார்கள். வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற நேரம் இல்லாததால், மூன்று வாரம் கழித்து நடந்த செனட் தேர்தலில் இறந்துபோன கார்னஹான் வென்றார்.

கருவி சரியாக இருந்தும் அதைத் தவறாகப் படிப்பது இன்னொரு வகை. 1959 பிப்ரவரி 3 நள்ளிரவு தாண்டி அயோவாவின் மேசன் சிட்டியிலிருந்து கிளம்பிய பீச்கிராஃப்ட் பொனான்சா சில நிமிடங்களில் பனி வயலில் விழுந்தது. ராக் அண்ட் ரோல் பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் மூவரும் விமானியும் இறந்தார்கள். விமானிக்கு வயது 21, கருவிப் பறத்தல் தகுதி இல்லை. அந்த விமானத்தில் இருந்த ஸ்பெரி ஜைரோ, மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் வழக்கமான செயற்கை அடிவானத்துக்கு நேர் எதிராகக் காட்டும். அவர் பழகியது வழக்கமான கருவியில். இறங்கிக்கொண்டிருந்தபோது ஏறுவதாகப் படித்திருக்கக்கூடும் என்றார்கள் விசாரணையாளர்கள். வாடகைக்கோ நண்பரிடமிருந்தோ வாங்கிய விமானத்தை முதல் தடவையாக இரவில் எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அறிகுறி 3: முன்னால் தெரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக மறைகின்றன

இரண்டே காரணங்கள்தான். நடுவில் மேகம் வந்திருக்கிறது, அல்லது நடுவில் மலை வந்திருக்கிறது. எது என்று ஆராய நேரம் இல்லை. ஏறுங்கள், கடைசியாக எங்கே தெளிவாக இருந்ததோ அங்கே கருவிகளைப் பார்த்தபடியே திரும்புங்கள். சாய்வு 15 பாகை போதும், அவசரத்தில் வளைத்தால் அறிகுறி 1இல் போய் நிற்பீர்கள்.

மலை என்றால் ஓட்டாய் மலையைச் சொல்லாமல் முடியாது. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டி பிரவுன் ஃபீல்ட் என்ற சின்ன விமான நிலையம், அதற்குக் கிழக்கே இந்த மலை. விளக்கே கிடையாது. 1991 மார்ச் 16 அதிகாலை, பாடகி ரீபா மெக்கன்டையரின் இசைக்குழுவினரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சிறிய ஜெட் அதில் மோதி 10 பேர் இறந்தார்கள். மேலே போய்க் கருவிப் பறத்தலுக்கான அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று, கண்ணால் பார்த்து ஓட்டும் விதியின் கீழ் இருட்டில் கிளம்பி, தாழ்வாகவே போயிருக்கிறார்கள். 2004 அக்டோபரில் அதே நிலையத்திலிருந்து அதே மாதிரி கிளம்பிய ஆம்புலன்ஸ் லியர்ஜெட் ஒன்றும் அதே மலைப்பகுதியில் மோதியது, 5 பேர் போனார்கள். இவை தொழில்முறை விமானிகள் ஓட்டிய ஜெட்டுகள். விமானங்களில் பழுது இல்லை. தரையில் இருக்கும்போதே வரைபடத்தில் அந்தப் பகுதியின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைப் பார்த்து முழங்கால் அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் வரை 'மலை தெரியவில்லை' என்றால் 'மலை இல்லை' என்று அர்த்தம் ஆகாது.

அறிகுறி 4: ஓடுதள விளக்குகள் மட்டும் தெரிகின்றன, நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதாகப் படுகிறது

சுற்றிலும் காடோ கடலோ வயலோ இருந்து, ஓடுதளம் மட்டும் விளக்கோடு தெரியும்போது வரும் மயக்கம் இது. உயரத்தை மதிப்பிடக் கண்ணுக்கு இடையில் ஒரு பொருளும் கிடைக்காததால், மூளை நம்மை உண்மையைவிட மேலே வைக்கிறது. விமானி இறங்கிக்கொண்டே போய் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையைத் தொடுவார். போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் 1960களில் அனுபவமிக்க பயிற்றுநர்களையே சிமுலேட்டரில் உட்கார வைத்து இதைச் சோதித்தார். அவர்களில் பெரும்பாலானோர் பாதைக்குக் கீழேயே வந்தார்கள். அனுபவம் இதிலிருந்து காப்பாற்றாது. ஓடுதளம் மேல்நோக்கிச் சரிந்திருந்தாலும், வழக்கத்தைவிடக் குறுகலாக இருந்தாலும் ஏமாற்றம் இன்னும் கூடும்.

பார்க்க வேண்டியது ஓடுதள ஓரத்தின் பாப்பி (PAPI) விளக்குகள், இறங்கும் பாதை சரியா என்று நிறத்தால் காட்டும் நான்கு விளக்குகள். நான்கில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான பாதை. மூன்று சிவப்பு என்றால் தாழ்வு. நான்கும் சிவப்பானால் யோசிக்காமல் ஏறுங்கள். விளக்கு வரிசையின் முன்பகுதி திடீரென்று அணைந்து அணைந்து எரிந்தால் நடுவில் மரம் இருக்கிறது என்று அர்த்தம், அப்போதும் ஏறத்தான் வேண்டும். பாப்பி இல்லாத ஓடுதளத்தில் 300 அடிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் என்று கணக்குப் போடுங்கள்: மூன்று மைல் தள்ளி இருந்தால் தரையிலிருந்து 900 அடியாவது வேண்டும்.

கருவிகளைப் பார்த்தே ஓடுதளத்தை நோக்கி இறங்கி வருபவர்களுக்கும் தாழ்வது நடக்கும். 2022 நவம்பர் 27 மாலை இருட்டியபின் பனிமூட்டத்தில் மேரிலாந்தின் கேதர்ஸ்பர்க் அருகே இறங்க வந்த மூனி விமானம், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்து உயர் அழுத்த மின்கோபுரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. தரையிலிருந்து சுமார் 100 அடியில் தொங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிரோடு இருந்தார்கள், நள்ளிரவுக்கு மேல்தான் இறக்க முடிந்தது. சுற்றுவட்டாரமே இருளில்.

அறிகுறி 5: லேசான தலைவலி, தூக்கக் கலக்கம், கணக்குப் போட வரவில்லை

குளிர் இரவில் ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் கார்பன் மோனாக்சைடு. ஒற்றை இன்ஜின் விமானங்களில் பெரும்பாலும் சைலன்சரைச் சுற்றிய உறைக்குள் காற்றைச் சூடாக்கித்தான் கேபினுக்கு அனுப்புகிறார்கள். சைலன்சரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் புகை உள்ளே வரும். வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21 இரவு நாண்ட்டிலிருந்து கார்டிஃபுக்குப் போன பைப்பர் மாலிபு கர்ன்சி தீவருகே கடலில் விழுந்தது. சாலாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. அந்த அளவு ஆளையே கொல்லும். விமானியும் பாதிக்கப்பட்டிருப்பார் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. அவருக்கு இரவுப் பறத்தல் தகுதியே இல்லை. மேகத்தை விட்டு விலகத் திருப்பியபோது கட்டுப்பாடு போய், வேகம் எல்லை மீறி, விமானம் காற்றிலேயே உடைந்தது. எச்சரிக்கை மணி அடிக்கும் கண்டறியும் கருவி ஒன்றுகூட உள்ளே இல்லை. அதன் விலை ஒரு தடவை டேங்க் நிரப்பும் எரிபொருளுக்கு ஈடாகாது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஹீட்டரை அணையுங்கள், வெளிக்காற்றுத் துவாரங்களை முழுதாகத் திறங்கள், ஆக்சிஜன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கிட்டே இருக்கும் ஓடுதளத்தில் இறங்குங்கள். இறங்கியதும் தெளிவாகிவிட்டது என்று மறுபடி கிளம்பாதீர்கள். ரத்தத்திலிருந்து அது போகப் பல மணி நேரம் ஆகும்.

ஹீட்டர் போடவில்லை, ஆனால் 8,000 அடி போல் உயரத்தில் இருக்கிறீர்கள், விளக்குகள் மங்கலாகத் தெரிகின்றன என்றால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். இருளில் பார்க்கும் விழித்திரைச் செல்கள்தான் ஆக்சிஜன் குறைவை முதலில் உணரும். அதனால்தான் பகலில் 10,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் என்பவர்கள் இரவில் 5,000 அடியிலிருந்தே போடச் சொல்கிறார்கள்.

அறிகுறி 6: பேனல் விளக்குகள் மங்குகின்றன, ரேடியோ கரகரக்கிறது

ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) போய்விட்டது, பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், இன்ஜின் நிற்காது; தீப்பொறி தருவது மேக்னெட்டோ, அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஆல்டர்னேட்டரின் பிரேக்கரை ஒரே ஒரு தடவை மீண்டும் போட்டுப் பாருங்கள். அது மறுபடி தெறித்தால் விடுங்கள், திரும்பத் திரும்ப அழுத்தினால் தீப்பிடிக்கும்.

வேண்டாததை எல்லாம் அணைத்தால் பேட்டரி அரை மணி நேரம் போல வரும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் சிறிய நிலையங்களில் இரவில் ஓடுதள விளக்கை விமானிதான் ரேடியோ வழியாக எரியவைக்க வேண்டும். மைக் பொத்தானை 5 விநாடிக்குள் 7 தடவை அழுத்தினால் முழு வெளிச்சம், 15 நிமிடம் எரியும். ரேடியோ செத்துப்போனால் ஓடுதளமும் இருட்டு. ஆகவே பேட்டரியின் கடைசிச் சொட்டை இதற்காக மிச்சம் பிடியுங்கள், அல்லது இரவு முழுவதும் விளக்கு எரியும் பெரிய நிலையத்துக்குப் போங்கள். கையடக்க ரேடியோவும் இரண்டு டார்ச்சும் பைக்குள் அல்ல, கை எட்டும் இடத்தில்.

அறிகுறி 7: இன்ஜின் தடுமாறுகிறது

கார்புரேட்டர் இன்ஜின் என்றால் முதலில் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி) முழுதாக இழுங்கள். ஈரப்பதமான இரவில் வெளியே 20 பாகை செல்சியஸ் இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும். இழுத்ததும் தடுமாற்றம் இன்னும் மோசமாகும். பனி உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போவதால் வருவது அது. அந்த நேரத்தில் பயந்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. மூடாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது எரிபொருள். ஒரு டேங்க் காலியாகி மறு டேங்க் நிறைய இருக்க, இன்ஜின் நின்று விழுந்த விமானங்கள் ஏராளம். இருட்டில் டேங்க் மாற்றும் செலக்டரைக் கையால் தடவி, டார்ச் அடித்தும் பாருங்கள். அமெரிக்க விதிப்படி பகலில் 30 நிமிட இருப்பு போதும், இரவில் 45 நிமிடம் வேண்டும். எரிபொருள் மானிகளை நம்பிக் கிளம்ப வேண்டாம், குச்சி விட்டு அளந்துவிடுங்கள்.

நின்றே விட்டால் சறுக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஓடுதளம் எட்டவில்லை என்றால் விளக்கு இல்லாத இடத்தைப் பார்த்து இறங்குங்கள். விளக்கு இருந்தால் வீடு இருக்கும், ஆள் இருப்பார்கள், கம்பி இருக்கும். லேண்டிங் லைட்டைப் போடுங்கள், முன்னால் இருப்பது பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள் என்று விமானிகளிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு.

அறிகுறி 8: கிளம்பிய உடனே மூக்கு அளவுக்கு மேல் தூக்குவதாகத் தோன்றுகிறது

வேகம் கூடும்போது உடம்பு இருக்கையில் அழுந்துவதை, மேல்நோக்கிச் சாய்வதாக உள்காது எடுத்துக்கொள்ளும். வெளிச்சமில்லாத திசையில் கிளம்பினால் அதிகம் வரும். மூக்கைக் கீழே தள்ளாதீர்கள். சக்கரம் தரையை விட்டதும் கண் கருவிக்கு வந்துவிட வேண்டும், ஏற்றமானி ஏறுவதாகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தனியாகத் தெரியும் ஒரு விளக்கு நகர்வதாகத் தோன்றுவதும் இந்த வகைதான். இருளில் ஒற்றைப் புள்ளியைச் சில விநாடி உற்றுப் பார்த்தால் அசையாததும் அசையும். பார்வையை நகர்த்திக்கொண்டே இருந்தால் போய்விடும்.

அறிகுறி 9: இன்னும் தரையிலேயே இருக்கிறீர்கள், ஆனால் 'போயே ஆகணும்' என்கிறது மனம்

இதுவும் அறிகுறிதான். 1963 மார்ச் 5 மாலை பாடகி பேட்சி கிளைனை ஏற்றிக்கொண்டு கேன்சஸ் சிட்டியிலிருந்து நாஷ்வில் திரும்பிய பைப்பர் கொமாஞ்சே, வழியில் டென்னசியின் டயர்ஸ்பர்கில் எரிபொருளுக்காக இறங்கியது. முன்னால் வானிலை மோசம் என்று அங்கே சொன்னார்கள். வீடு கிட்டே வந்துவிட்டது, மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. கிளம்பினார்கள். விமானிக்குக் கருவிப் பறத்தல் தகுதி இல்லை. சில நிமிடங்களில், காம்டன் அருகே காட்டில் விழுந்தது. நாஷ்வில் இன்னும் 90 மைல்.

கென்னடியும் கிளம்பும்போது சூரியன் மறைந்திருந்தது. கணுக்கால் முறிந்து கட்டுப் பிரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பயிற்றுநர் ஒருவர் கூட வருவதாகச் சொல்லியும் தனியாகவே ஓட்ட விரும்பியதாக அறிக்கையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் விமானத்தைக் கீழே தள்ளாது. ஆகவே கிளம்பும் முன் எண்ணிப் பாருங்கள்: கால தாமதம், உடல்நலக் குறை, புதிய விமானம், நீருக்கு மேல் பாதை, நிலா இல்லாத இரவு, இன்னொருவரின் கல்யாணம். மூன்று சேர்ந்தால் நான் காரில் போவேன்.

விபத்துக்குப் பின்: அதே அறிகுறிகளைத் தலைகீழாகப் படிப்பது

சிதைவில் விசாரணையாளர்கள் தேடுவதும் இந்தப் பட்டியலைத்தான். ப்ரொப்பெல்லர் இலைகள் முறுக்கி, முன்விளிம்பில் கீறல்களோடு இருந்தால் மோதும்போது இன்ஜின் சக்தி கொடுத்துக்கொண்டிருந்தது. நேராகப் பின்னால் மடிந்திருந்தால் நின்றிருக்கலாம். ஜைரோவைப் பிரித்து உறையின் உட்புறம் வட்டமாகக் கீறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் ஜைரோ சுழன்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கின் பல்பைக்கூட விடமாட்டார்கள்: எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை மோதலில் நீண்டு வளையும், அணைந்திருந்தது உடையும் அல்லது அப்படியே இருக்கும். சிதைவு சிறிய வட்டத்துக்குள் கிடந்தால் முழு விமானமாக விழுந்தது. இறக்கை அரை மைல் தள்ளிக் கிடந்தால் காற்றிலேயே உடைந்தது. கென்னடியின் விமானத்தை 120 அடி ஆழத்திலிருந்து எடுத்துப் பார்த்ததில் இன்ஜினிலோ கட்டுப்பாட்டுக் கம்பிகளிலோ மோதலுக்கு முந்தைய பழுது எதுவும் கிடைக்கவில்லை. மீதியை ராடார் தடமும் அந்த இரவு அதே வானத்தில் இருந்த மற்ற விமானிகளின் வாக்குமூலமும் சொல்லிவிட்டன.